முன்சில்லின் ஆரையும் மோட்டார் சைக்கிளின் நடையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே அமைந்த தீவுகளுக்குச் செல்லும் தரைவழி, ஓரளவு நீர்மேல் இட்ட வழியே எனலாம். பண்ணையில் தொடங்கும் தாம்போதி மண்டைதீவுச் சந்தியை நோக்கிக் கடலினூடே செல்கின்றது. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை எனத் தரை தொடர்ந்து, பின்னர் வாணர் தாம்போதியில் மீண்டும் இருமருங்கும் நீர் சூழ்கின்றது. புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் வழி முடிவடைய, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்குஞ் செல்வோர் அங்கே படகேறுவர். ஊர்காவற்றுறைக்குச் செல்வோர் வேலணையிற் பிரிந்து வேறு வழியே செல்வர். படகு எவர்க்காகவுங் காத்திராது. ஆதலின் தீவகத்துப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியரும், வைத்தியசாலை ஊழியரும், அலுவலரும் காலைப்பொழுதில் மோட்டார் சைக்கிளில் இவ்வழியே விரைந்து செல்வர்.

தாம்போதிகளில் மரமில்லை, மதிலில்லை. சோழகமாயினும் வாடையாயினும் கச்சானாயினும் வீசுங் காற்று ஓட்டுநர்மீது தடையின்றிப் படுகின்றது. தெருவின் விளிம்புக்கும் நீருக்கும் இடையிலுள்ள தூரமோ மிகச் சிறிது. இத்தகைய வழியில் ஊர்தியின் முன்சில்லு தன் நேர்கோட்டை எத்துணை உறுதியாகப் பற்றி நிற்கின்றது என்பது உயிரோடு தொடர்புடைய வினாவாகும். அவ்வுறுதி எதனாற் பிறக்கின்றது, முன்சில்லைப் பெரிதாகவோ சிறிதாகவோ மாற்றுங்கால் அது என்னாகின்றது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

முன்சில்லை மாற்றும் வழக்கம் எவ்வாறு எழுகின்றது என்பதை முதலிற் கூறல் பொருந்தும். கடற்காற்றிலுள்ள உப்பு முதலில் உண்பது இரும்பையாகும். சில்லின் றிம்மும் கம்பிகளும் துருவேறி, நட்டுக்கள் இறுகி, ஒரு நாள் கம்பி அறுகின்றது. அதே அளவுச் சில்லு கிடைப்பின் நன்று. கிடையாவிடின், கராச்சில் ஓரமாகக் கிடக்கும் பழைய வண்டியொன்றின் சில்லு கண்ணிற்படும். அச்சாணி சற்றே வேறுபட்டால் இடையிற் குழாய்த்துண்டு ஒன்று இடப்படும், வேலை முடிந்துவிடும். 1990களிற் குடாநாடு பொருளாதாரத் தடைக்குட்பட்டிருந்த காலத்தில், பெற்றோலுக்கு மாற்றாக மண்ணெண்ணெயில் எந்திரத்தை ஓடவைத்த கைகளுக்குச் சில்லு மாற்றுதல் பெரிய வித்தையன்று. அக்கைத்திறன் போற்றத்தக்கதே. எனினும் எந்திரத்திற் பிழை நேரின் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. முன்சில்லிற் பிழை நேரின் வண்டி நிற்பதில்லை, ஓடிக்கொண்டேயிருக்கும். தீங்கு அங்கேதான் உளது. தேவையின் பொருட்டன்றி அழகின் பொருட்டும், உயரங் குறைந்தவர் காலூன்றுதற் பொருட்டும் சில்லை மாற்றுவாரும் உளர்.

மோட்டார் சைக்கிளின் முன்புறத்தைப் பக்கவாட்டில் நின்று நோக்குக. கைபிடியைத் திருப்பும்போது முன்கவை முழுவதும் ஒரு நேர்கோட்டைச் சுற்றித் திரும்புகின்றது. இதனைத் திருப்பும் அச்சு என்க. அது செங்குத்தாக நில்லாது, மேற்புறம் ஓட்டுநரை நோக்கிச் சாய்ந்திருக்கும். செங்குத்திலிருந்து அது சாய்ந்துள்ள அளவு சரிவுக் கோணம் எனப்படும். அக்கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் அது நிலத்தை ஓரிடத்தில் தொடும். சில்லு நிலத்தைத் தொடுவது வேறோர் இடத்தில். சரியாக அமைந்த வண்டியிற் சில்லின் தொடுமிடம், அச்சின் தொடுமிடத்துக்குப் பின்னே தங்கி நிற்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைப் பின்தங்கல் எனக் குறிப்போம். மோட்டார் சைக்கிளின் நடையை ஆளும் அளவுகளுள் இதுவே தலையாயது என்பதில் ஐயமில்லை.

பின்தங்கலின் தொழிலை அறிதற்கு வைத்தியசாலைக் கட்டிலின் காற்சில்லைப் பார்த்தாற் போதும். கட்டிலை எத்திசையிற் தள்ளினும், அச்சில்லுத் தன்னைத் தாங்கும் முளைக்குப் பின்னே சென்று அமைந்துகொள்ளும். பின்னே இழுபடும் பொருள் தானே நேராகும். கயிற்றிற் கட்டி இழுக்கப்படும் தோணி போல. மோட்டார் சைக்கிளின் முன்சில்லும் அவ்வாறே தன் அச்சுக்குப் பின்னே இழுபடுகின்றது. கல்லோ காற்றோ அதனைச் சிறிது திருப்பினால், நிலத்தின் உராய்வு அதனை மீண்டும் நேராக்குகின்றது. பின்தங்கல் நீண்டால் நேராக்கும் வலிமை மிகும்; ஆயின் திருப்புதற்குக் கையின் உழைப்பும் மிகும். அது குறுகினால் வண்டி கைக்கு எளிதாகத் திரும்பும். ஆயின் தானே நேராகும் இயல்பு தளரும்.

இனி, சில்லின் அளவு இதனுள் எவ்வாறு புகுகின்றது என்று காண்போம். சில்லின் அச்சாணி திருப்பும் அச்சின்மீதே அமைவதில்லை. சிறிது முன்னே தள்ளியிருக்கும். இம்முன்தள்ளலும், சரிவுக் கோணமும், ரயரையும் உள்ளடக்கிய சில்லின் ஆரையும் ஆகிய மூன்றுமே பின்தங்கலை நிச்சயிக்கின்றன. ஆரையைச் சரிவுக் கோணத்தின் சைனாற் பெருக்கி, அதிலிருந்து முன்தள்ளலைக் கழித்து, வரும் மீதியை அக்கோணத்தின் கோசைனால் வகுத்தால் பின்தங்கல் கிடைக்கும். க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவன் எவனும் ஒரு முக்கோணம் வரைந்து இதனை நிறுவிக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைக் கொள்க. அதன் முன்சில்லு 18 அங்குல றிம்மும் மெல்லிய ரயரும் உடையது. ஆரை 300 மில்லிமீற்றர். சரிவுக் கோணம் 27 பாகை. முன்தள்ளல் 45 மில்லிமீற்றர். முன் அச்சாணிக்கும் பின் அச்சாணிக்கும் இடைத்தூரம் 1270 மில்லிமீற்றர். இவை சிறிய மோட்டார் சைக்கிள்களிற் சாதாரணமாகக் காணப்படும் அளவுகளை ஒத்தவை. கணித்தாற் பின்தங்கல் 102 மில்லிமீற்றர் என வரும். இதன் முன்சில்லைக் கழற்றி, அதே தடிப்புள்ள ரயருடன் 16 அங்குலச் சில்லொன்று பூட்டப்படுகின்றது என்க. விட்டம் 2 அங்குலங் குறைய, ஆரை ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீற்றர் அளவிற் குறையும். அதனால் மாத்திரம் பின்தங்கல் 89 மில்லிமீற்றராகும்.

கதை அத்துடன் முடிவதில்லை. முன்சில்லுச் சிறுக்கவே வண்டியின் முகம் தாழ்கின்றது. பின்சில்லு இருந்தவாறே இருப்பதால் வண்டி முழுவதும் முன்னோக்கிச் சரிந்து, திருப்பும் அச்சுச் சற்றே நிமிர்கின்றது. 1270 மில்லிமீற்றர் நீளத்தில் 25 மில்லிமீற்றர்த் தாழ்வு ஒரு பாகைக்குச் சிறிது மேற்பட்ட சரிவாகும். கோணம் 26 பாகைக்குங் கீழே இறங்க, பின்தங்கல் மேலுங் குறைந்து 83 மில்லிமீற்றரில் நிற்கும். சில்லின் விட்டத்தில் 2 அங்குலந்தானே குறைந்தது என்று எண்ணப்பட்டது. நேராக்கும் நெம்பின் நீளமோ ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்துவிட்டது. இவ்விரட்டை விளைவே கராச்சுக்களில் பெரும்பாலும் எண்ணப்படாது போவது. 18 அங்குலத்துக்குப் பதிலாக 19 அங்குலச் சில்லைப் பூட்டின் இதே கணக்கு எதிர்த்திசையிற் செல்லும்; பின்தங்கல் 112 மில்லிமீற்றராக நீளும்.

தொழிற்சாலைகளே சில்லின் அளவை மாற்றுகின்றனவே எனச் சிலர் வினவுவர். உண்மைதான். 2001 இல் வெளிவந்த பஜாஜ் பல்சர் 18 அங்குலச் சில்லுகளுடன் வந்தது. சில ஆண்டுகளின் பின் அதே பெயருடைய வண்டி 17 அங்குல அலோய்ச் சில்லுகளைப் பெற்றது. ஆயின் அங்கே முன்னும் பின்னும் ஒருங்கே மாற்றப்பட்டன. இரண்டும் ஒரே அளவிற் சிறுத்தால் வண்டி மட்டமாகத் தாழுமேயன்றி முன்னோக்கிச் சரியாது, கோணம் மாறாது. அன்றியும், தொழிற்சாலை முன்கவையையும் பிறவற்றையும் உடன் கணித்தே முடிவுசெய்யும். புதிய வண்டியின் முன்சில்லை மாத்திரம் எடுத்துப் பழைய வண்டியிற் பூட்டுபவர் அக்கணக்கின் பாதியையே எடுத்துக்கொள்கின்றார்.

தமிழகத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். 1955 இற் சென்னையில் நிறுவப்பெற்று, திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்த என்பீல்ட் இந்தியா நிறுவனத்தின் புல்லட், நெடுங்காலம் முன்னும் பின்னும் 19 அங்குலச் சில்லுகளையே கொண்டிருந்தது. அவ்வண்டியின் வழித்தோன்றலாக 2009 இல் இந்தியாவில் அறிமுகமான கிளாசிக்கின் முதற்படைப்பில் முன்சில்லு 18 அங்குலமாக இருந்தது. சில ஆண்டுகளுக்குள் அது 19 அங்குலமாக மாற்றப்பட்டது. பின்சில்லு 18 அங்குலமாகவே விடப்பட்டது. முன்சில்லை மாத்திரம் பெருக்கினால் நடை எத்திசையிற் செல்லும் என்பது மேற்கூறிய கணக்கிலிருந்து விளங்கும். புல்லட்டைப் பழகியோர் விரும்புவதும் அந்த நிதானமான நடையைத்தான்.

றிம்மின் மீது பொறித்த இலக்கத்தை மாத்திரம் பார்த்து முடிவுசெய்தலும் பிழையாகும். நிலத்தைத் தொடுவது றிம்மன்று, ரயராகும். பழைய முறையில் அங்குலத்தாற் குறிக்கப்படும் ரயர்களுக்கு உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே றிம்மின் விட்டத்துடன் ரயரின் தடிப்பை இருமுறை கூட்டினால் முழு விட்டம் வரும். 18 அங்குல றிம்மில் இரண்டரை அங்குல ரயர் பூட்டினால் விட்டம் 23 அங்குலம். 17 அங்குல றிம்மில் 3 அங்குல ரயர் பூட்டினாலும் அதே 23 அங்குலமே. பின்தங்கலைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்று. றிம் ஓரங்குலஞ் சிறுத்தும் நடை கெடாதிருக்க ஒரு வழி உண்டென்பது இதனாற் பெறப்படும். தடித்த ரயர் கவைக்கிடையிலும் மட்காட்டின் கீழும் உரசாதிருத்தல் வேண்டும் என்பது மாத்திரம் நிபந்தனை. மில்லிமீற்றரிற் குறிக்கப்படும் இக்கால ரயர்களில் அகலத்தை அடுத்து வரும் இரண்டாம் எண், உயரம் அகலத்தின் நூற்றுக்கு எத்தனை வீதம் என்பதைக் காட்டும். அதனைப் பெருக்கிப் பாராது அகலத்தையே உயரமாகக் கொள்ளுதல் கூடாது.

தாம்போதியிற் குறுக்கே அடிக்கும் காற்றின்போது பின்தங்கல் செய்யும் உதவி நுட்பமானது. இடப்புறத்திலிருந்து ஒரு வீச்சு வண்டியை வலப்புறந் தள்ளுகின்றது என்க. தொடுமிடத்தில் நிலம் இடப்புறமாக எதிர்த்துத் தாங்கும். அத்தொடுமிடம் திருப்பும் அச்சுக்குப் பின்னே இருத்தலால், அந்த எதிர்விசை சில்லின் முகத்தைச் சற்றே வலப்புறந் திருப்பும். சில்லு வலப்புறம் ஓடவே, வண்டியின் மேற்பாகம் இடப்புறமாக, அதாவது காற்றை எதிர்த்துச் சாயும். ஓட்டுநர் அறியாமலே வண்டி காற்றின்மீது சாய்ந்துகொள்கின்றது. பின்தங்கல் குறைந்த வண்டியில் இவ்வுதவியும் குறையும். ஒவ்வொரு வீச்சுக்கும் கையே விடையிறுக்க வேண்டும். குடாநாட்டின் உள்தெருக்களில் மதிலும் வேலியும் காற்றை மறைப்பதால் இக்குறை புலப்படாது. சந்தைக்குஞ் சென்று வந்து, "சில்லு மாற்றியபின் வண்டி காற்றாய்ப் பறக்கிறது" என்று மகிழ்பவர், சோழகம் வீசும் நாளொன்றிற் பண்ணையைக் கடக்கும்போதுதான் வேறுபாட்டை உணர்வார்.

கல்லும் மணலும் இன்னொரு பாடங் கற்பிக்கின்றன. நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர்ப் பரப்புடையது. முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளுக்கு அது பெயர் பெற்றது. கொங்கிறீற் இட்ட வீதி முடிந்த இடத்திற் சில்லின் கீழ் வருவது அதே கல்லின் சிதறல்களும் மணலுமேயாம். சமதரையிற் சில்லு நிலத்தைத் தொடுவது அச்சாணிக்கு நேர் கீழே. முன்னே ஒரு கல் இடறினால் தொடுமிடம் திடீரென அக்கல்லுக்கு, அதாவது முன்னே, தாவுகின்றது. கல் சிறிதாயின் தாவிய இடமும் திருப்பும் அச்சுக்குப் பின்னேயே இருக்கும். சில்லு நேராகவே நிற்கும். கல் பெரிதாயின் தொடுமிடம் அச்சைக் கடந்து முன்னே சென்றுவிடும். அக்கணத்தில் இழுபடுஞ் சில்லுத் தள்ளப்படுஞ் சில்லாக மாறி, சற்றுத் திரும்பியிருந்தாலும் மேலுந் திரும்பவே முயலும். கைபிடி ஒருபுறம் வெட்டியிழுப்பது இதனாலேயே. மேற்சொன்ன எடுத்துக்காட்டு வண்டிக்கு, ரயரின் நெகிழ்வைப் புறக்கணித்துக் கணித்தால், இந்த எல்லை ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் உயரமுள்ள கல்லாகும். 16 அங்குலச் சில்லைப் பூட்டிய பின் அது 11 மில்லிமீற்றராகக் குறைகின்றது. முன்னர்த் தீங்கு செய்யாத பல கற்கள் இப்போது தீங்கு செய்யும் என்பது இதன் பொருள். மணலிலும் இதுவே நிகழும். சில்லின் முன்னே குவியும் மணல் அதனைப் பின்னோக்கித் தள்ள, தொடுமிடம் முன்னே நகர்ந்தாற் போன்ற நிலை ஏற்பட்டுப் பின்தங்கல் சுருங்குகின்றது. மணலில் வண்டி நெளிந்து செல்வதன் காரணம் அதுவே.

பெரிய சில்லுக் கல்லின்மீது ஏறும் ஆற்றலும் அதிகம் உடையது. 50 மில்லிமீற்றர் உயரமுள்ள கல்லொன்றை 18 அங்குலச் சில்லு மோதும்போது, அதனைத் தூக்கும் ஒவ்வொரு 100 பங்கு விசைக்கும் பின்னோக்கித் தள்ளும் விசை 66 பங்காகும். யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த ஹொண்டா எம்.டி. 90 போன்ற 14 அங்குலச் சில்லுடைய வண்டியில் அது 77 பங்கு. பத்தங்குலச் சில்லுடைய ஸ்கூட்டர்களில் 84 பங்கு வரை உயரும். எம்.டி. 90 ஐக் குறைகூறுவதாக இதனைக் கொள்ளலாகாது. அது ஜப்பானிய அஞ்சற் சேவைக்கென அச்சில்லுக்கே அளந்து அமைக்கப்பட்ட வண்டி; சிறிய சில்லுக்கேற்ற கோணமும் முன்தள்ளலும் அதற்குண்டு. சிறிய சில்லில் இயல்பாகவே குற்றம் எதுவுமில்லை. வேறொன்றுக்கென அளந்த கவையில் அதனைப் பூட்டுவதே குற்றம். 1958 இல் ஹொண்டா நிறுவனம் சுப்பர் கப் என்னும் வண்டியை வெளியிட்டபோது, ஸ்கூட்டரினும் பெரிதாய் அக்கால மோட்டார் சைக்கிளினுஞ் சிறிதாய் 17 அங்குலச் சில்லைத் தேர்ந்தது, செப்பனிடாத தெருக்களையும் ஏறி இறங்க எளிதான உயரத்தையும் ஒருங்கே எண்ணியேயாகும். கரடுமுரடான நிலத்துக்கென ஆக்கப்படும் வண்டிகள் 21 அங்குல முன்சில்லைக் கொள்வதும் கல்லேறும் ஆற்றலை நாடியே.

சுழலும் பம்பரம் நிற்பது போலச் சுழலுஞ் சில்லு வண்டியை நிறுத்துகின்றது என்பது பள்ளிப் பருவம் முதல் பலரும் கேட்டுவந்த விளக்கம். இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. 1970 இல் டேவிட் ஜோன்ஸ் என்னும் ஆங்கில இரசாயனவியலாளர் 'பிசிக்ஸ் ருடே' என்னும் ஏட்டில் தம் பரிசோதனைகளை வெளியிட்டார். சைக்கிளின் முன்சில்லுக்கு அருகே எதிர்த்திசையிற் சுழலும் இன்னொரு சில்லைப் பூட்டிப் பம்பரத் தன்மையை அவர் நீக்கிப் பார்த்தார். ஆளின்றி உருட்டிவிட்டபோது அது விரைவில் விழுந்தது. ஆள் ஏறி ஓட்டியபோது ஓடிற்று. முன்சில்லுக்குப் பதிலாகத் தளபாடத்தின் ஓரங்குலக் காற்சில்லைப் பூட்டி ஓட்டிப் பார்த்ததும் அவரே. அரை அங்குல மேட்டைத் தானும் அது கடக்க மாட்டாதாயிற்று. முன்கவையைப் பின்புறமாகத் திருப்பிப் பின்தங்கலைப் பெருக்கியபோது சைக்கிள் ஆளின்றியே நெடுந்தூரம் நிமிர்ந்து ஓடியது. சில்லை முன்னே தள்ளிப் பின்தங்கலை இல்லாமற் செய்தபோதோ அது ஓட்டுதற்குப் பெருந்தொல்லை கொடுத்தது.

அவ்வாராய்ச்சி பின்னருந் தொடர்ந்தது. 2011 இல் 'சயன்ஸ்' ஏட்டில் வெளிவந்த ஒரு கட்டுரை, பம்பரத் தன்மையும் பின்தங்கலும் இன்றியே தானாக நிமிர்ந்து ஓடும் சிறிய ஈருருளியொன்றைக் காட்டியது. திணிவு எங்கெங்கே அமைந்துள்ளது என்பதும் இவற்றுக்கு ஈடான பங்குடையது என்பதே அதன் முடிபு. அக்கட்டுரையை எழுதியோருட் சிலர் ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரப் பல்கலைக்கழகத்தவர். ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு இட்ட பெயரும் அந்நகரின் பெயரே. எனினும் கராச்சிற் சில்லை மாற்றுபவர்க்கு அம்முடிபால் நிலைமை மாறிவிடாது. அவர் வண்டியின் திணிவை ஈடுசெய்யுமாறு இடம் மாற்றி வைப்பதில்லை. மாறுவன ஆரையும் கோணமும் பின்தங்கலுமே. பம்பரத் தன்மையும் உடன் குறையும். ஒரே வகை றிம்மும் ரயரும் எனக் கொண்டால், ஒரே கதியிற் செல்லும் சில்லின் கோண உந்தம் ஆரையின் வர்க்கத்தோடு மாறும். மேற்படி எடுத்துக்காட்டில் அது ஆறிலொரு பங்கு குறைகின்றது.

பந்தய உலகிலும் 16 அங்குல முன்சில்லு ஒரு காலத்தில் மோகமாயிருந்தது. 1980களின் முற்பகுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் விரைவாகத் திரும்பும் இயல்பை நாடி அதனைக் கைக்கொண்டன. ஹொண்டா வி.எப். 750 எப், கவசாக்கி ஜி.பி.இசெட் 900 ஆர் என்பன அவ்வாறு வந்தவை. பத்தாண்டு கழியுமுன் அம்மோகந் தணிந்தது. கவசாக்கியின் அவ்வண்டியே 1990 இல் 17 அங்குலத்துக்கு மாறிற்று. தெருவிலோடும் விரைவு வண்டிகளுக்கு 17 அங்குலமே பொது அளவாய் நிலைத்தது.

சில்லோடு சேர்ந்து மாறும் பிறவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். வேகமானி முன்சில்லிலிருந்து இயக்கப்படும் வண்டிகளில், 16 அங்குலச் சில்லுப் பூட்டியபின் உண்மையில் மணிக்கு 40 கிலோமீற்றர் செல்லும்போது முள் ஏறத்தாழ 44 ஐக் காட்டும். 19 அங்குலச் சில்லாயின் 38 ஐக் காட்டும். பின்னையதே தீங்கானது, ஓட்டுநர் தாம் மெதுவாகச் செல்வதாக எண்ணுவர் ஆதலின். சிறிய சில்லில் அதே பிரேக் சற்று வலுவாகப் பிடிக்கும். பெரிய சில்லுத் தன் பாரத்தால் சொக் அப்சோபரின் வேலையைக் கூட்டும். கவை முழுதும் அமுங்கும்போது மட்காட்டில் இடிக்கவுங்கூடும். வண்டியின் முகந் தாழ்ந்தாற் பக்கத் தாங்கியில் நிற்கும் சாய்வும் வேறுபடும். இதனைச் சிறு விடயம் என்பர். அலையில் ஆடும் படகில் வண்டியை நிறுத்திப் பார்த்தவர் அவ்வாறு கூறார்.

வேறு வழியின்றிச் சிறிய சில்லையே பூட்ட நேரின் செய்யத்தக்கன சில உள. முதலாவது, மேற்கூறியவாறு தடித்த ரயரால் முழு ஆரையை மீட்டல். இரண்டாவது, கவைக்குழாய்களைப் பற்றும் தாங்கிகளில் அவற்றைக் கீழே இறக்கக்கூடிய வண்டியாயின், ஆரை குறைந்த அளவுக்கு இறக்கிப் பழைய கோணத்தை மீட்டல். எடுத்துக்காட்டு வண்டியில் இதனாற் பின்தங்கல் 83 இலிருந்து 89 மில்லிமீற்றராக உயரும், 102 ஆகாது. ஆகவே இது பாதி மருந்தே. பல சிறிய வண்டிகளிற் குழாயின் மேல்முனை தாங்கியோடு பொருந்தி முடிவதால் இதற்கும் இடமிராது. இடமிருந்தாலும், தாங்கி குழாயை முழுமையாகப் பற்றாத அளவுக்கு இறக்குதல் கூடாது. பின்சில்லையும் அதே அளவிற் சிறிதாக்குதல் மூன்றாவது வழி. அப்போது எந்திரத்தின் அடிப்புறம் நிலத்துக்கு நெருங்கும். நெடுந்தீவின் கல்வழிகளுக்கு அது ஒவ்வாது.

பழைய சில்லைக் கழற்றுமுன் பின்தங்கலை அளந்து எழுதி வைத்தல் எளிது. மட்டமான சீமெந்துத் தரையில் வண்டியை நேராக நிறுத்தி, அச்சாணியின் நடுவிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடுமிடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறிக்க. இஃது சில்லின் தொடுமிடமாகும். கைபிடியின் கழுத்துக்குழாயை ஒட்டி நீண்ட மட்டப்பலகையொன்றைச் சாய்த்து வைத்து, அக்கோட்டை நிலம் வரை நீட்டி இரண்டாங் குறியிடுக. இரு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க. புதிய சில்லைப் பூட்டியபின் அவ்வாறே மீண்டும் அளந்து ஒப்பிடலாம். இருமுறையும் ரயரிற் காற்று உரிய அளவில் இருத்தல் வேண்டும். வழமையாக ஓட்டுபவர் வண்டிமீது அமர்ந்திருக்க, இன்னொருவர் அளத்தல் வேண்டும். வெறும் வண்டியில் முன்னுள்ள வில்லும் பின்னுள்ள வில்லும் வெவ்வேறு அளவில் எழும்பி நிற்பதால், அங்ஙனம் எடுத்த அளவு ஓடும் வண்டியின் அளவாகாது.